கோரைப் பல்லும் சேர்த்து

தென்பசார்
ஏப்ரல் 22, 2019

அன்புள்ள பிளி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, குளிர்பெட்டியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, கண்ணாடி முன் நின்று, முன்பற்களில் படும்படி குடித்துப் பார்த்தேன். பாதியிலேயே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. குளிர்ந்ததை எல்லாம் இடது கன்னத்தில் ஒதுக்கி, கொஞ்சம் சூடான பிறகு விழுங்குவது எனக்கு அவ்வளவு பழகிவிட்டது. எல்லோருமே அப்படித்தான் குடிக்கிறார்கள் என்றுகூட நினைத்திருந்தேன். டம்ளரைக் கவிழ்த்து வைக்கும்போது முடிவு செய்துவிட்டேன். என் மேல்வரிசை முன்பற்கள் ஆறையும் நீளமாக்கிக்கொள்ளப் போகிறேன்.

அனுமதி கேட்டு எழுதவில்லை. செய்தியாகத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருந்தால் இதற்குள் நீங்கள் குரலை உயர்த்தியிருப்பீர்கள், நான் இணைப்பைத் துண்டித்திருப்பேன். பிரிந்த நாளில் கடிதம்தான் என்று நாம் பேசி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. பிரிந்த பிறகும் உங்களைக் கெத்துட் என்று எழுத வரவில்லை, அண்ணனையும் புருஷனையும் கூப்பிடுகிற அந்தப் 'பிளி'தான் வருகிறது. உங்கள் பழ வண்டி வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்கு வருகிறது, வண்டி ஓட்டுகிற காதெக்கும் முகம் சுளிக்காமல் கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறான்.

மேல் முன்பல் ஆறையும் அரத்தால் சமமாக்கி எனக்குப் பல் அராவும் சடங்கு செய்தது நம் கல்யாணத்துக்கு முந்தின வாரம். உங்கள் வீட்டு மேடையில் படுக்க வைத்து, அராவுகிற பெரியவர் பாக் ராய் அரத்தை எடுத்தது நினைவிருக்கும். அந்தச் சடங்கைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இப்போது நான் சிரித்தால் பல்லே தெரிவதில்லை, பிளி. உதடும் ஈறும்தான் தெரிகின்றன. போன வாரம் நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்குப் பெர்த்திலிருந்து வந்த ஒரு கிழவிக்கு வழக்கம்போல எல்லா வழிகளையும் விளக்கிக்கொண்டிருந்தேன். வெளுத்துக்கொள்ளலாம், பீங்கான் ஓடு ஒட்டிக்கொள்ளலாம், கம்பி போடலாம் என்று. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, எனக்கு இவ்வளவு சிரிப்பு விக்கிறியே, உன்னோடத எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பொத்துகிறேன் என்பதே அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஜூலையில் நம் மகள் செகாரிக்குப் பல் அராவும்போது நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன் என் பல் முடிந்துவிடும். எங்கள் கிளினிக் டாக்டர் விதாரி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தோட்டத்துச் சலாக் பழமரத்தின் முள் குத்தின விரலைக் காட்டினீர்களா, அல்லது எண்ணெய் தடவிக்கொண்டே இருக்கிறீர்களா?

நியோமான்


சிபெத்தான்
ஏப்ரல் 30

நியோமானுக்கு,

இனிப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளத்தான் செய்வாள். நீ அந்தக் கிளினிக்கில் சேர்ந்த அன்றே எனக்கு இது தெரியும்.

உன் கடிதத்தை நான் தோட்டத்தில் வைத்துப் படித்திருக்க வேண்டும். சமையல் கொட்டகையில் படித்தது தப்பாகப் போய்விட்டது. அம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடா எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்ல. பல்லக் கொஞ்சம் நீளமாக்கிக்கப் போறாளாம்."

"எந்தப் பல்ல?"

"முன்பல்லத்தான்."

"நாம அராவின பல்லயா?" கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். "அராவினத மறுபடி வளக்குறதா? காமம், கோபம், பேராசைன்னு ஆறையும் அன்னிக்கு அரத்தால தேச்சு, துப்ப வச்சு, இளநீர் ஓட்டுல போட்டுக் கோயிலுக்குப் பின்னால பொதச்சோமே. இவ தோண்டி எடுத்து ஒட்டிக்கப் போறாளா?"

அண்ணி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "ஆறுல அஞ்சு அன்னிக்கே போகல அத்தை. இப்ப புதுசா என்ன வரப்போகுது, விடுங்க" என்றாள். நான் சிரித்துத் தொலைத்தேன். அதற்கும் சேர்த்து எனக்குத் திட்டு விழுந்தது.

விளையாட்டாக எழுதுகிறேன், ஆனால் விஷயம் விளையாட்டு இல்லை. அராவினதை வளர்த்துக்கொண்டவள் அராவுகிற மேடையில் ஏறக்கூடாது என்கிறாள் அம்மா. நீ இந்த வீட்டைவிட்டுப் போனவள். போனவளுக்கு அந்த மேடையில் இடமில்லை என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். செகாரியின் காலைப் பிடிக்க உனக்கு ஓர் இடம் வாங்க நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை பேசினேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதை நீயே கெடுத்துக்கொள்ளாதே. சடங்கு முடியட்டும். பிறகு உன் வாயில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. விரல் ஆறிவிட்டது, எண்ணெயில்தான் ஆறியது என்று உன் டாக்டரிடம் சொல்.

காதெக்கிடம் கொடுத்திருக்கும் கூடையில் அடியில் இருப்பவை நன்றாகப் பழுத்தவை, முதலில் அவற்றைத் தின்னுங்கள்.

கெத்துட்


தென்பசார்
மே 8

அன்புள்ள பிளி,

பழம் இனிப்பாக இருந்தது. செகாரி தோலை உரித்துக்கொண்டே பாதியைத் தீர்த்துவிட்டாள்.

பிறகு செய் என்கிறீர்கள். டாக்டர் விதாரிக்கு ஜூலைக் கடைசியில் பிரசவம். அப்புறம் எப்போது வேலைக்கு வருவார் என்பது அவருக்கே தெரியாது. அது ஒரு காரணம். இன்னொன்று, 'பிறகு' என்ற சொல்லை அந்த வீட்டில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒரே பெண்தானே, வாரிசுக்கு இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று அம்மா உங்களிடம் சொன்ன வருடம் முழுக்க, "அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் களை எடுக்கப் போனீர்கள். அது பழைய கதை. பல்லுக்கு வருகிறேன்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வெள்ளைக்காரர்களுக்குச் சொல்வதைத்தான் சொல்கிறேன், ஆனால் அவர்களுக்குச் சொல்லும்போது இவ்வளவு பயம் இருப்பதில்லை.

வெளுப்பது எனக்கு உதவாது. குட்டைப் பல்லை வெளுத்தால் வெள்ளையான குட்டைப் பல்தான் கிடைக்கும். கம்பி போட்டால் பல் நகரும், வளராது. பீங்கான் ஓடு அழகுதான், வருகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒட்டுவதற்கு இடம் வேண்டுமென்று இருக்கிற பல்லை முன்பக்கம் சுரண்ட வேண்டும். முழுத் தொப்பி போடுவதென்றால் சுற்றிலும் சுரண்ட வேண்டும். என் பல்லில் இனி ஒரு தூசு அளவுகூடக் குறைய நான் விடமாட்டேன். டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "அப்ப நமக்கு ஒரே வழிதான், சேக்குறது மட்டும்" என்றார். பல் நிறத்திலேயே பிசுபிசுப்பாக ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பல்லின் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, கையாலேயே வடிவம் கொடுத்து, நீல வெளிச்சம் காட்டினால் கல்போல இறுகிவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை சீர் செய்ய வேண்டியிருக்கும். பல் கூச்சமும் போய்விடும்.

அம்மா தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. டாக்டர் என் பல்லை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: அரம் பட்ட இடம் தட்டையாக, மெருகு போட்டதுபோல இருக்குமாம். அது இந்த அளவுதான் என்று தன் நகத்தின் விளிம்பைக் காட்டினார். பாக் ராய் கெட்டிக்காரர், தேவைக்கு மேல் தொடவே இல்லை. மீதியெல்லாம் பிறகு தேய்ந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கு இப்படித் தேயுமாம்.

"ராத்திரி பல்லக் கடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"தெரியலையே டாக்டர். தூங்குறவ நான், கேக்குறவங்க வேற யாராவதுதான் சொல்லணும்."

செகாரியிடம் கேட்டேன். இத்தனை நாள் பக்கத்தில் படுக்கிறாள், ஒருநாளும் கேட்டதில்லை என்கிறாள். டாக்டரும், "இது பழைய தேய்மானம், நின்னு சில வருஷம் ஆகுது" என்றார்.

ஆகவே, கோயிலுக்குப் பின்னால் புதைத்ததை நான் திரும்பக் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். அதற்குப் பிறகு போனதைத்தான் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு, சடங்கு வேலைக்கு ஓலை நறுக்க வருவேன். அன்று என் பல்லில் மாதிரிப் பூச்சு இருக்கும். நிஜமாக ஒட்டுவதற்கு முன் இரண்டு நாள் போட்டுப் பார்த்துப் பழகுவதற்கு மெல்லியதாக ஒன்று பொருத்துவார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அன்று வருகிறேன். ஒளித்துக்கொண்டு செய்வதாக இருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

நியோமான்


சிபெத்தான்
மே 21

நியோமானுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று செகாரி செய்தி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் அதிகம் பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாசலில் நீ வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, அண்ணியைப் பார்த்துச் சிரித்தாய். நான் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். இறங்க மறந்துபோனேன். உன் அக்கா யாரோ வந்திருக்கிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உனக்கு அக்காவே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நீங்கள் பெண்கள் ஓலை நறுக்கும்போது அண்ணி என்ன சொன்னாள் என்று தெரியாது. நீ சிரித்தது தோட்டத்தின் கீழ்க்கோடி வரை கேட்டது. கூட வேலை செய்த பையன்கள், "யாரு பிளி அது?" என்றார்கள். "செகாரியோட அம்மா" என்றேன். 'என் வீட்டுக்காரி' என்று வாய் வரை வந்தது.

அம்மா உன் முகத்தைப் பார்க்கவே இல்லை என்று நீ நினைத்திருப்பாய். நீ குனிந்து வேலை செய்தபோதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் என்னிடம், "அந்தக் கோரைப் பல்லு ரெண்டும் அப்படியே அவ சின்னப் பொண்ணா வந்தப்போ இருந்தது மாதிரியே இருக்குடா" என்றாள். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், சிரிக்காதே. நீ போன பிறகு பாயைத் தட்டியபோது, ஓலைத் துணுக்குகளுக்கு நடுவில் உன் பல்லின் நுனி ஒன்று கிடந்தது. நீ அரிசிப் பலகாரம் தின்ற இடம் அது. கடித்தபோது உடைந்திருக்கும். வலித்ததா? நீ சொல்லவே இல்லையே. பல்லின் துண்டு, அதுவும் சடங்கு நடக்கப்போகிற வீட்டில். குப்பையோடு பெருக்கித் தள்ளுவதா? ஓர் இலையில் வைத்து, மஞ்சள் இளநீர் ஓடு ஒன்றில் போட்டு, பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றி, கோயிலுக்குப் பின்னால் உன்னுடைய பழையது இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டேன். பூசாரியிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உடைந்த இடத்தை டாக்டரிடம் காட்டு. உப்புத் தண்ணீரில் கொப்பளி.

கெத்துட்


தென்பசார்
மே 27

அன்புள்ள பிளி,

அது பிளாஸ்டிக்.

உங்கள் கடிதத்தை கிளினிக் வாசலில் நின்று படித்தேன். படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். காவல்காரர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. வலிக்கவில்லை, பிளி. உடைந்தது என் பல் இல்லை. மாதிரிக்கு வைத்த மெல்லிய பூச்சின் நுனி. அரிசிப் பலகாரம் கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான். உடைந்தது தெரிந்தது, அம்மா எதிரில் துப்ப வேண்டாமென்று பாய்க்கு அடியில் தள்ளிவிட்டேன்.

டாக்டர் விதாரியிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பிள்ள இன்னிக்கே வந்துரும் போலருக்கு, நிறுத்துங்க" என்றார். பிறகு, "கிளினிக்ல செய்யற வேலைக்குத்தான் உத்தரவாதம். கோயில்ல பொதச்சதுக்கு நான் பொறுப்பில்லன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருங்க" என்றார். வீட்டுக்காரர் இல்லை என்று நான் திருத்தவில்லை.

செகாரிதான் கேலி செய்யாமல் கேட்டாள். "அப்பா தனியாவா பொதச்சாரு? ஊதுவத்தி எல்லாம் வச்சா?" ஆமாம் என்றேன். "மெமே, என் அம்மால்ல, நீ அந்த லெட்டர எனக்குக் குடுத்துரு" என்றாள். கொடுக்கவில்லை.

அந்த ஓடு, பூ, எல்லாவற்றையும் நினைத்தால் சிரிப்பு நின்ற பிறகு வேறு ஒன்று வருகிறது. கூடையில் எனக்கென்று பழுத்ததைத் தேர்ந்து அடியில் வைக்கிற ஆள், ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு ஊதுவத்தி ஏற்றுகிற ஆள். அப்படிப்பட்ட ஆளிடமிருந்து எப்படி நான் வெளியே வந்தேன் என்று ஒருநாள் முழுக்கக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

மேடையில் என் இடம் என்ன ஆயிற்று? செகாரி தன் பாட்டிக்குப் போன் செய்து என்னவோ பேசியிருக்கிறாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், "மெமே காலப் பிடிக்கலேன்னா நான் படுக்கவே மாட்டேன்" என்றது மட்டும் காதில் விழுந்தது. அவளுக்கு யாரும் அப்படிப் பேசச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஜூன் 25, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு என்று டாக்டர் நாள் கொடுத்திருக்கிறார்.

நியோமான்


சிபெத்தான்
ஜூன் 11

நியோமானுக்கு,

பிளாஸ்டிக் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றேன். தோண்டி எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நல்ல செய்திகள் இருக்கின்றன. முதலாவது, பாக் ராயிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். அவருக்கு இப்போது மேல்வரிசை முழுக்கக் கழற்றி மாட்டுகிற பல், உனக்குத் தெரியுமா? செகாரிக்கு அவர் மருமகன்தான் அராவப் போகிறான். அராவின பல்லை வளர்த்துக்கலாமா என்றேன். பல்செட்டைக் கையில் எடுத்து, பொக்கை வாயோடு, "என்னோட ஆறும் குப்பைக்குப் போயாச்சு, கெத்துட். நேத்துக்கூடச் சேவல் சண்டையில மச்சானோட கைகலப்பு" என்றார். இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

செகாரியின் மிரட்டலும் வேலை செய்தது. ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பேசினோம், ஒரு முடிவுக்கு வந்தோம். முன்னால் இருக்கும் நான்கை மட்டும் நீ நீளமாக்கிக்கொள். கோரைப் பல் இரண்டையும் தொடாதே. அவைதானே மிருகப் பல், அவற்றைத் தட்டையாக்கத்தானே சடங்கே. நான்கு நீளமானால் சிரிக்கும்போது போதுமான அளவு தெரியும், அம்மாவின் மனமும் ஆறும். மேடையில் உன் இடமும் இருக்கும். பாதிப் பாதி. இதைவிட நியாயமாக இந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ திரும்பி வந்துவிடு, நியோமான். பூசாரியிடம் கேட்டுவிட்டேன். பெரிய சடங்கு எதுவும் வேண்டாம், சின்னப் படையல் ஒன்று வைத்து உன் பெயரை மறுபடி எங்கள் முன்னோரிடம் சொன்னால் போதும் என்கிறார். செகாரியின் சடங்குக்கு இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு கல்யாணப் பேச்சை அம்மா எடுத்து வருடக்கணக்காகிறது. இனி எடுக்கமாட்டாள், அவளுக்கும் வயதாகிவிட்டது. வேலையை விட வேண்டாம் என்றால், வாரத்துக்கு ஒருமுறை வந்து போ.

நீ பல்லைக் கடித்ததைப் பற்றி உன் டாக்டர் கேட்டதாக முன்பு எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது. யாரைக் கேட்பது என்று நீ யோசிக்கவே வேண்டாம், என்னைக் கேட்டிருக்கலாம். எலி தேங்காய் ஓட்டைக் கொறிப்பதுபோல ராத்திரி முழுக்கக் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவே, "உன் பொண்டாட்டி மரம் அறுக்குறாடா" என்பாள். இன்னொருத்தியைக் கட்டு என்று பேச்சு நடந்த வருடம் இருக்கிறதே, அப்போதுதான் ரொம்ப அதிகம். நான் திரும்பிப் படுத்துத் தலையணையைக் காதில் வைத்துக்கொள்வேன், கொஞ்ச நேரத்தில் பழகித் தூங்கிவிடுவேன். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது, தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. அந்தச் சத்தத்துக்காகவாவது வா.

உன் பதிலைக் காதெக் கையில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

கெத்துட்


தென்பசார்
ஜூன் 23

அன்புள்ள பிளி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசு தட்டினேன். சடங்குக்குக் கட்டும் மஞ்சள் சேலைத்துணியை எடுத்து வெயிலில் போட்டேன். மறுநாள் டாக்டரிடம் போய், ஆறு வேண்டாம், நான்கு போதும் என்றேன்.

அவர் குறிப்பதற்கு முன் யோசித்தார். பிறகு கையால் தன் தாடையைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துக் காட்டினார். "இப்படி அசையும்போது பாரத்தத் தாங்கறது கோரைப் பல்லுதான். அது ரெண்டையும் குட்டையா விட்டுட்டு நடுவுல நாலை மட்டும் நீட்டினா, இடிபடறதெல்லாம் அந்த நாலும்தான். சீக்கிரமே ஒவ்வொண்ணா உடையும். ஒண்ணு ஆறும் செய்யணும், இல்ல எதையும் தொடக்கூடாது. இது என் அபிப்பிராயம். வாய் உங்களுது, நாலுதான்னா நாலு" என்றார். நாலுதான் என்றேன். அப்படியே குறித்துக்கொண்டார். உடைந்தால் உடையட்டும், சிபெத்தானுக்குத் திரும்பினாலும் வேலைக்கு இங்கே வருவேன், அப்போது ஒட்டிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

அதாவது, நான் வருவதாகத்தான் இருந்தேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்று காலை செகாரி தோழி வீட்டுக்குப் போன பிறகு, பதில் எழுதுவதற்காக உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். கடைசிப் பகுதியில் நின்றுவிட்டேன். முதல் தடவை படித்தபோது எலி, தேங்காய், மரம் அறுப்பது எல்லாவற்றுக்கும் நானும் சிரித்திருந்தேன். இந்தத் தடவை தலையணைதான் கண்ணில் பட்டது.

நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், பிளி. அம்மாவும் கேட்டிருக்கிறாள். எந்த வருடம் அதிகமாக இருந்தது என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் அந்த வீட்டில் அதைக் கேட்காதவள். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். கரும்பு கடித்ததுபோல இருக்கிறதே என்று உங்களிடமே சொல்லியிருக்கிறேன். "கிராம்பு போட்டுக்க" என்றீர்கள். தோளைத் தொட்டு எழுப்பி, என்னம்மா, என்ன கனவு என்று ஒருநாள் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஒருவேளை எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். இரண்டாவது கல்யாணப் பேச்சைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன் என்பதையும்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வரிகளை நீங்கள் அன்பாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. என்னை நினைத்துத் தூக்கம் வராமல் இருப்பதும் நிஜமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் தேடுவது அந்தச் சத்தத்தை. இங்கே வந்த பிறகு நான் பல்லைக் கடிப்பதில்லை. எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. யாரும் மருந்து கொடுக்கவில்லை.

பிளாஸ்டிக் என்று தெரியாமல் நீங்கள் புதைத்ததை நான் மறக்கமாட்டேன். கண்ணுக்குத் தெரிந்த துண்டென்றால் பூ வைத்துக் கும்பிடத் தெரிந்த மனிதர் நீங்கள். ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்கு மட்டும்தான் கேட்டது. அது உங்களுக்குப் போதவில்லை.

அதனால் நான் திரும்பி வரமாட்டேன். பூசாரியிடம் படையலுக்குச் சொல்லியிருந்தால் நிறுத்திவிடுங்கள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மஞ்சள் சேலைத்துணியை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன்.

செகாரியின் சடங்குக்கு விடியும் முன்பே வந்துவிடுவேன். மேடையில் எனக்கு இடம் இருந்தால் ஏறி அவள் காலைப் பிடித்துக்கொள்வேன். இல்லை என்று அம்மா சொன்னால், மேடைக்குக் கீழே, அவள் தலையைத் திருப்பினால் கண்ணில் படும் இடத்தில் நின்றுகொள்வேன். அந்த இடத்துக்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. பாக் ராயின் மருமகனிடம் நீங்கள் ஒன்று சொல்லிவிட வேண்டும். அரம் அவள் பல்லைத் தொடட்டும், மந்திரம் சொல்லட்டும், நகத்தின் விளிம்பு அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். அவருடைய மாமாவும் எனக்கு அப்படித்தான் செய்தார்.

இந்தக் கடிதத்தைக் காதெக்கிடம் நாளைக்குக் கொடுக்கமாட்டேன், புதன்கிழமைதான் கொடுப்பேன். நீங்கள் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இப்போது, எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், செகாரிக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, அவருடைய அட்டையில் இன்னும் நான்கு என்றுதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரிடம் சொல்வேன், ஆறு என்று.

நியோமான்